களத்தில் நீ பேசிய ஒரே ஒரு வார்த்தை

உன் ஊர்ப் பாக்கின் வாசனை இன்று எங்கள் மலைக்கு ஏறி வந்தது.

கூரியர்க்காரர்கள் மேலே வருவதில்லை. அடிவாரத்தில், காரவள்ளியில் ஒரு கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பஸ்ஸில் யாராவது எடுத்து வர வேண்டும். இன்று கண்டக்டரே கொண்டுவந்தார், பொட்டலத்தை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி.

"ஏனுங்க, இதுக்குள்ள என்னங்க செத்துக் கெடக்குது? வளைவு பூரா சன்னலோர சீட்டுக்கு அடிச்சுக்கிட்டாங்க."

"பாக்குங்க. மேகாலயாவுல இருந்து வருது."

"இதத் தின்னுட்டும் உசுரோட இருக்காங்களா?"

சிரித்துவிட்டேன். பஸ் வாழவந்தி நாட்டுப் பக்கம் திரும்பிப் போன பிறகுதான் எதற்குச் சிரித்தேன் என்று உறைத்தது.

ஊறவைத்த ஈரப் பாக்கு. நாம் சேர்ந்திருந்த பெங்களூரு அறையில் இந்த வாசனைக்காக உன்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடச் சொல்வேன். "எங்கள் வீட்டில் விருந்தாளி உட்காருவதற்குள் இது கைக்கு வந்துவிடும்," என்பாய். "நீ விருந்தாளியாக இருக்கத் தெரியாதவள்."

உன் சாவைச் சொல்லி உன் அம்மா அனுப்பிய செய்தியிலும் பாக்கு இருந்தது. கடவுள் வீட்டு வாசலில் பாக்குத் தின்னப் போய்விட்டாள். உங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு மற்றவை வந்தன. மூளைக்காய்ச்சல். ஷில்லாங் ஆஸ்பத்திரி. அடக்கம் முடிந்துவிட்டது.

*

என் வேலை உனக்கு எப்போதும் வேடிக்கை. ஒரு செல்போன் செயலிக்கு, நிதானமாக வாழ்வது எப்படி என்று ஆங்கிலத்தில் தினம் ஒரு குறிப்பு. இன்று ஒரு கவளத்தை முழுதாக மெல்லுங்கள். இன்று ஒரு மரத்தைப் பெயர் சொல்லாமல் பாருங்கள். நீ அதை நின்றுகொண்டே நூடுல்ஸ் தின்றபடி உரக்க வாசிப்பாய். "மெல்கிறேன். இந்தக் கணத்தில் இருக்கிறேன். பஸ்ஸை விட்டுவிட்டேன்."

தூக்கத்தில்கூடப் பேசுகிறவள் நீ.

சாமை அறுப்பு முடிந்த நேரத்தில் உன்னை ஊருக்குக் கூட்டிவந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் பாதி பஸ் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது நீ, எங்கள் ஊர்ச் சாலை இதைவிட மோசம் என்று பெருமை பேசினாய். தூறல் விழுந்தது. "இதற்குப் பெயர் மழையா?" என்றாய். இரண்டு மலைக்காரிகளின் போட்டி. உனக்கு நான் ஒரு தமிழ் வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். மேலே போய்ச் சேரும்வரை அதையே சொல்லிப் பார்த்தாய்.

மறுநாள் களத்தில் சாமை அளந்தார்கள்.

எங்கள் களத்துக்குள் செருப்போடு நுழையக் கூடாது. பொலியை, தூற்றிய தானியக் குவியலை, அளக்கும்போது அளப்பவரைத் தவிர வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. அளவுப்படியான வள்ளத்தில் முதலாவதற்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். பேச்சு விழுந்தால் அளந்ததைத் திரும்பக் குவியலில் கொட்டிவிட்டு முதலிலிருந்து அளக்க வேண்டும். இவை எல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். உனக்குச் சொல்லவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

நீ தூங்கி எழுந்து ஓடி வந்தாய். கான்வாஸ் ஷூ. களத்தின் நடுவரை வந்து, வள்ளத்தைக் கையில் ஏந்தி நின்ற என் அம்மாவைப் பார்த்துக் கத்தினாய்.

"அம்மா! சாப்டாச்சா?"

எல்லோரும் அப்படியே நின்றார்கள். பிறகு சித்தப்பாதான் பேசினார். "சாமையப் பாத்துக் கேக்குதா, நம்மளப் பாத்துக் கேக்குதா?" பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா வள்ளத்தைக் குவியலில் கவிழ்த்தாள்.

"போச்சாது உடு. மறுக்கா அளந்தா ஆச்சு. அந்தக் கண்ணு மூஞ்சியப் பாரு, பசிச்சுக் கெடக்குது. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சோறு போடு."

நீ ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் கேட்டாய், என்ன சொல்கிறார்கள்?

நான் சொன்னேன்: அம்மாவுக்குக் கோபம். கொஞ்சம் பேசாமல் இரு.

*

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு நல்ல வாக்கியம் எதுவும் என்னிடம் இல்லை. சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. என் குறிப்புகளில் வரும் மலை அமைதியானது. அந்த மலையை உனக்குக் காட்டத்தான் கூட்டிவந்தேன். நீ அதற்குள் கத்திவிட்டாய்.

நீ பேசாமல் இருந்தாய். பெங்களூரு திரும்பும்வரை. அம்மா தட்டில் போட்டதைத் தலை குனிந்து தின்றாய். மிளகுக் கொடிகளுக்கிடையே அம்மாவின் பின்னாலேயே கூடையைச் சுமந்து நடந்தாய். சாயங்காலம் இருவரும் அடுப்புக்கு முன் உட்கார்ந்து வெற்றிலை போட்டீர்கள். ஒரு வார்த்தை இல்லை.

"ஏங்கண்ணு, அந்தப் புள்ள வாயே தொறக்க மாட்டேங்குது?" என்று அம்மா கேட்டாள்.

"அவங்க ஊர்ல அப்படித்தாம்மா. அமைதியா இருப்பாங்க."

இந்தப் பக்கம் ஒரு பொய், அந்தப் பக்கம் ஒரு பொய். நடுவில் அழகான ஒரு மௌனம். அதைப் பற்றி எழுதினேன். மொழி தெரியாத இரண்டு மலைப்பெண்கள், ஓர் அடுப்பு, சொல் தேவைப்படாத நெருக்கம். என் குறிப்புகளிலேயே அதைத்தான் அதிகம் பேர் பகிர்ந்தார்கள். நீயும் வாசித்தாய். ஒன்றும் சொல்லவில்லை. அன்று அதை உரக்கப் படித்துக் கேலி செய்யவும் இல்லை. அப்போதாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

*

இன்று பொட்டலத்தைப் பிரித்தபோது அம்மா மூக்கைச் சுளித்தாள். பிறகு ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"யாரு கண்ணு அனுப்புனா?"

"என்கூட இருந்தாளே, அவளோட அம்மா."

"ஓ... அந்தப் பேசாத புள்ள." பாக்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பாவம் சாமி. களத்துல கூப்புட்டதோட சரி, அப்பறம் ஒரு வார்த்த பேசாமப் போயிருச்சு."

எங்கள் வீட்டில் உன் பெயர் அதுதான். பேசாத புள்ள.

மதியம் உன் அம்மா வீடியோவில் கூப்பிட்டார். காட்டு வரப்பில் பலா மரத்தடியில்தான் சிக்னல் வரும். அம்மாவும் கூடவே வந்தாள். உன் அம்மாவின் ஆங்கிலம் ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று வந்தது. "பாக்கு கிடைத்ததா? அவளே கொண்டுவர நினைத்திருந்தாள். உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க. தானியம் இருந்த இடத்தில் செருப்போடு நடந்துவிட்டேன் என்றாள். காய்ச்சலிலும் சொன்னாள். உன் அம்மாவுக்கு இன்னும் கோபமா?"

"என்ன சொல்றாங்க?" என்றாள் அம்மா.

பதில் நாக்கில் தயாராக இருந்தது. இந்தப் பக்கம், பாக்கு வந்துச்சான்னு கேக்குறாங்க. அந்தப் பக்கம், அம்மா எப்போதோ மன்னித்துவிட்டார். இருவரும் நிறைவாகப் போனை வைத்திருப்பார்கள். எனக்கு அது நன்றாக வரும். அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் மன்னித்துவிட்டார் என்றால், நீ தவறு செய்தவளாகவே மண்ணுக்குள் இருப்பாய்.

அம்மாவிடம் சொன்னேன். அன்று அவள் சொன்னது என்ன, நான் உன்னிடம் சொன்னது என்ன. எல்லாம். பலா மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப நம்ம ஊட்ல தின்ன சோறெல்லாம் அந்தப் புள்ள பயந்துக்கிட்டே தின்னுச்சா?"

ஆமாம் என்றேன்.

"மறுக்கா மறுக்கா வெச்சேனே. வேண்டாங்காமத் தின்னுச்சே. வேண்டாம்னா நாங் கோவிச்சுக்குவேன்னு தின்னுருக்குது." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நல்லாத்தான் பேசக் கத்துக்கிட்டு வந்திருக்கற, போ."

போனில் உன் அம்மா காத்திருந்தார். எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாஞ் சொல்றத மட்டும் சொல்லு," என்றாள் அம்மா. "ஒண்ணுஞ் சேக்காத. எனக்குக் கோவமே இல்லீங்க. அன்னைக்கும் இல்லீங்க. செருப்பக் கழட்டோணும்னு அதுக்கு யாரு சொன்னா? சொல்லாமக் கூட்டிட்டு வந்தது எம்புள்ள. கோவம்னு பொய் சொன்னதும் எம்புள்ளதான். உங்க புள்ள என்னைய அம்மான்னு கூப்புட்டுச்சு. அவ்வளவுதான் அது செஞ்சது."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். எம்புள்ள என்று வந்த இடங்களில் 'நான்' என்றேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. இன்னொரு முறை, இன்னும் எளிய சொற்களில், நான் செய்ததைச் சொன்னேன். புரிந்தது. முகம் திரையிலிருந்து விலகியது. ஒரு சுவரும் மழைக்கோட்டு ஒன்றும் மட்டும் தெரிந்தன. உன்னுடையதாக இருக்கலாம்.

அவர் திரும்பி வந்தபோது குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவரின் குரல்.

"கோபம் இல்லை என்பது, உன் அம்மா சொல்வதா? நீ சொல்வதா?"

"என்ன கேக்குறாங்க?" என்றாள் அம்மா.

அதையும் மொழிபெயர்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்காகத் தலையை ஆட்டவில்லை. ஏதாவது சைகை செய்திருக்கலாம், போனைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். செய்யவில்லை. நானே சொல்ல வேண்டியிருந்தது.

"அம்மா சொல்வது," என்றேன்.

உன் அம்மா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து என்னைப் பார்த்தார். பிறகு "ஓகே" என்றார்.

நம்பினாரா என்று தெரியவில்லை. இனி தெரியவும் போவதில்லை. இன்றைய குறிப்பை இன்னும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் யார் சொல்வது என்ற இடத்திலேயே கை நின்றுவிடுகிறது. உன் வீட்டிலிருந்து எனக்குப் பதிலாக வந்து சேர்ந்தது அந்த ஓகே ஒன்றுதான். நம்பிக்கையும் இல்லாமல், மறுப்பும் இல்லாமல். வைத்துக்கொண்டிருக்கிறேன்.