தூணில் இடித்த வண்டிக்குப் புது ஹெட்லைட்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாமல் நலமாக இருப்பாய் என்று நானாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நம் வீட்டு கேட் தூணும் நலம், கொஞ்சம் காரை உதிர்ந்ததோடு சரி. உன் அப்பாவின் வண்டி ஹெட்லைட்தான் போய்ச் சேர்ந்துவிட்டது. இதைப் போனில் சொன்னால் என்ன, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் குரல் கேட்டதுமே உன் அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் இருமுகிறார். அந்த இருமலுக்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லை. அதனால் தைக்க வந்த துணிகளை ஒதுக்கிவிட்டு மெஷின் பலகை மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். உன் அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், எதிர்வீட்டு டீச்சருக்குத் தெரியும், வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து ஒதுங்கும் தெரு நாய்க்குக்கூடத் தெரியும், ஒத்துக்கொள்ள வேண்டியவர் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எல்லா வெளிச்சமும் குறைந்துவிட்டது. ட்யூப்லைட் டல், மாற்றினோம், புதுசும் டல். பேப்பர்காரர்கள் மையை மிச்சம் பிடிக்கிறார்களாம். டிவி கம்பெனி நம்மை ஏமாற்றிவிட்டதாம். கண் டாக்டரிடம் போகலாம் என்று வாயைத் திறந்தால் போதும், பஸ் ஓட்டிய காலத்துக்குப் போய்விடுவார். ஒவ்வொரு வருஷமும் கண் பரிசோதனையில் பலகையின் கடைசி வரி வரைக்கும் படித்தவராம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தவராம், அப்படிப்பட்ட கண்ணுக்கு டாக்டரா என்று கேட்கிறார். அந்தக் கண் அப்போது நாற்பது வயதுக் கண் என்று யார் அவருக்குச் சொல்வது.

போன மாதம் ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் சோப்பும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தவர், நேராக வந்து நம் தூணில் மோதினார். முட்டியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான், நீ பதறாதே. ஹெட்லைட் கண்ணாடி சில்லுச் சில்லாகிவிட்டது, ரொட்டி சப்பையாகிவிட்டது. எழுந்து தூசி தட்டிக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா, "இந்தத் தூண் கொஞ்சம் முன்னால வந்திருக்கு, கீழ மண்ணு இறங்கியிருக்கும்" என்றார். இருபது வருஷமாக அந்தத் தூணுக்கு இல்லாத புத்தி அன்றைக்கு வந்துவிட்டது பார். மறுநாள் மேஸ்திரியைக் கூட்டி வந்து அளந்தும் பார்த்தார். மேஸ்திரி என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். எனக்குத் தூணைப் பற்றிக் கவலையில்லை, அது நின்ற இடத்தில் நிற்கும். சாயங்காலம் தெருவில் பந்து அடிக்கும் பிள்ளைகள் நின்ற இடத்தில் நிற்க மாட்டார்கள். எனக்குக் கவலை அவர்களைப் பற்றித்தான்.

நீ இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டதுமே, வண்டியை வித்துடுங்கப்பா என்று போனில் சொன்னாயே, அதோடு உன் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். என்னோடும் பேச்சில்லை, வண்டியைத் துடைப்பதும் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவதுமாக இருந்தார். அப்புறம் "ஹெட்லைட்ட மாத்திட்டா எல்லாம் சரியாயிரும்" என்று ஆரம்பித்தார். நானும் யோசித்தேன். சரி, மாற்றட்டும், இருப்பதிலேயே நல்ல லைட்டாக வாங்கி, ஒரு குறை இல்லாமல் மாட்டி, அதற்கு மேல் குற்றம் சொல்ல ஒன்றுமே மிச்சம் இல்லாமல் செய்துவிட்டால் என்ன செய்வார் பார்ப்போம் என்று கூடவே கிளம்பிவிட்டேன். அவர் நான் மனம் இறங்கிவிட்டதாக நினைத்து வழியில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

கடையில் அவர் செய்த அலப்பறையை எழுதினால் காகிதம் போதாது. வண்டி பழைய காலத்து ஜாடை, அதற்கு உருண்டை லைட்தான் அழகு என்று ஒவ்வொன்றாக எடுத்து, முலாம்பழம் வாங்குகிறவரைப் போலத் தட்டித் தட்டிப் பார்த்தார். எதைப் போட்டுக் காட்டினாலும் இதைவிடப் பிரகாசமாக இல்லையா என்று கேட்டார். கடைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "சார், இதுக்கு மேல வேணும்னா சூரியனைத்தான் கழட்டித் தரணும்" என்றார். நாங்களே மாட்டித் தருகிறோம் என்றும் சொன்னார். உன் அப்பாவுக்கு வந்ததே வீராப்பு, "பஸ்ஸையே பிரிச்சுப் போட்டவன்யா நான், இந்தக் கிண்ணத்துக்கு இன்னொரு ஆளா" என்று கேட்டுவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டார். பஸ்ஸைப் பிரித்த கதை எனக்குத் தெரியும். டிப்போவில் இவர் பானெட் பக்கம் போனாலே மெக்கானிக்குகள் டீ குடிக்க அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தார். கழற்றுவதற்கு முன்னால் எந்த ஒயர் எதோடு சேர்ந்திருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டால் குழப்பமே வராது என்று எனக்குப் பாடம் எடுத்தார், படமும் எடுத்தார். பிறகு பார்த்தால் எல்லாப் படத்திலும் அவருடைய கட்டைவிரல். அதற்குள் பழைய லைட்டைக் கழற்றியாகிவிட்டது. உள்ளே இருக்கும் அந்த உருண்டைக் கூட்டுக்குள் ஹெட்லைட் ஒயர் மட்டும் இல்லையம்மா, இண்டிகேட்டர், ஹாரன் எல்லாவற்றின் ஒயரும் அங்கேதான் வந்து குடும்பம் நடத்துகிறது. அவர் பாட்டுக்கு இதோடு அதை, அதோடு இதை என்று முறுக்கி டேப் சுற்றினார். பேட்டரி கிளிப்பைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொன்னேன், சட்டை பண்ணவில்லை, பட்டென்று ஃபியூஸ் போனது. வேறு ஃபியூஸ் போட்டுச் சாவியைத் திருப்பினார். இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டால் ஹெட்லைட் கண்ணடிக்கிறது. ஹை பீம் போட்டால் ஹாரன் அலறுகிறது. ஹாரனை அமுக்கினால் ஒன்றுமே இல்லை, பரம சாது. எதிர்வீட்டு டீச்சர் பரீட்சைப் பேப்பரும் கையுமாக வெளியே வந்து, "யாருக்குங்க சிக்னல் குடுக்குறீங்க" என்று கேட்டார். உன் அப்பா, டெஸ்ட் பண்றேன் டீச்சர் என்று ஏதோ ராக்கெட் விடுகிறவர் மாதிரி பதில் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பேட்டரி கிளிப்பை நானே கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீல ஒயரைக் கொடுங்க என்றேன், கறுப்பைக் கொடுத்தார். இது கறுப்பு என்றேன், இதுதான் நீலம் என்றார். வெள்ளையை மஞ்சள் என்றார். பிறந்ததிலிருந்து துணிக்கு நூல் பொருத்திக்கொண்டிருக்கிறவள் நான், என்னிடமே கலர் சொல்லித்தருகிறாரே என்று சண்டைக்கு வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன், ஒயரை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார், நான் பார்க்காத நேரமாக வெயில் பக்கம் திருப்பிப் பார்க்கிறார், பிறகு "ஒயரு பழசு, சாயம் போயிருச்சு" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிக்கொள்கிறார். சண்டை போட வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

உள்ளே போய் நூல்கண்டை எடுத்து வந்தேன். லோ பீம் ஒயரில் ஒரு முடிச்சு, ஹை பீமில் இரண்டு, எர்த்தில் மூன்று என்று கெட்டி நூலால் முடிச்சுப் போட்டேன், புது லைட்டிலிருந்து வரும் ஒயர்களிலும் அதேபோலப் போட்டேன். இண்டிகேட்டர், ஹாரன் ஒயர்களை அதனதன் ஜோடியோடு சேர்த்துக் கட்டி ஓரமாக ஒதுக்கினேன். எனக்கு மறந்துபோகும், அதற்குத்தான் இந்த அடையாளம் என்று சொன்னேன். அவர் விரலால் தடவித் தடவி எண்ணி, ஒன்றோடு ஒன்று, இரண்டோடு இரண்டு என்று சேர்த்தார் பார், ஒரு தப்பு இல்லை. முனையைச் சீவினது என்ன, கிளிப்பில் நுழைத்து நசுக்கினது என்ன, மேலே உறை மாட்டினது என்ன, கண்ணை மூடிக்கொண்டே செய்திருக்கலாம். ஒரு இடத்தில் நிஜமாகவே மூடிக்கொண்டுதான் செய்தார். இண்டிகேட்டர் இண்டிகேட்டராகவும் ஹாரன் ஹாரனாகவும் திரும்பி வந்தன.

பொழுது இறங்கியதும் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார். நான் முன்கூட்டியே டீச்சரிடம் சொல்லித் தெருப் பிள்ளைகளையெல்லாம் அவர் வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டேன், பிஸ்கட் என் செலவு. சாவியைத் திருப்பினார், அம்மாடி, எதிர்ச்சுவரில் பல்லி போவதுகூடத் தெரிகிறது. டீச்சர் நெற்றியில் கை வைத்து மறைத்துக்கொண்டு, சினிமாப் படம் எடுக்கிறீர்களா என்று கேட்டார். தெருக் கோடி வரை போனார், நடக்கிற வேகத்தில் திரும்பி வந்தார், கேட்டுக்கு வெகு தூரம் முன்னாலேயே நிறுத்திவிட்டார். இறங்கவில்லை. லைட் எரிந்துகொண்டே இருந்தது. பேட்டரி வீக்கு என்பார், தெருவே இருட்டு என்பார் என்று பதிலெல்லாம் தயாராக வைத்துக்கொண்டுதான் பக்கத்தில் போனேன். இன்னும் டல்லாகத்தான் இருக்கிறதா என்று கேட்டேன். சுவரையே பார்த்தபடி, "லைட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார். அவ்வளவுதான். சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பாடும் பட்டேன், ஆனால் கேட்டதும் எனக்குச் சந்தோஷமே வரவில்லை, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர், "ஆயில் கறைடி, தள்ளி நில்லு" என்றார். இருவருமாக வண்டியை உருட்டி உள்ளே விட்டோம்.

ஆனால் அதோடு நின்றுவிட்டது. கண் டாக்டர் என்றால் பார்க்கலாம், பார்க்கலாம் என்கிறார். பயம். கண்ணை வெளியே எடுத்துத் தட்டில் வைத்துத்தான் சரி பண்ணுவார்களாம், யாரோ பழைய கண்டக்டர் சொல்லி வைத்திருக்கிறார். கண்புரையாக இருந்தால் சின்ன ஆபரேஷன்தான், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று டீச்சர் தன் கண்ணையே காட்டிச் சொன்னார், கேட்கவில்லை. நீ சொன்னால்தான் கேட்பார். வண்டியை விற்கச் சொல்லாதே, கண்ணைக் காட்டச் சொல். அதுவும் கோபமாகச் சொல்லாதே. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இவ்வளவு எழுதி முடிக்கும்போது உன் அப்பா வந்துவிட்டார். மகளுக்கா என்று காகிதத்தை வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், "நீயே படி" என்று திருப்பிக் கொடுத்தார். நான் கண் விஷயத்தையெல்லாம் தாண்டி, கடையில் நடந்ததை மட்டும் படித்துச் சட்டென்று முடித்துவிட்டேன். "இவ்ளோ எழுதினதுக்கு இவ்ளோதானா, விட்டதையும் படி" என்றார். படித்தேன். நாய் ஒதுங்கிய இடத்தில் சிரித்தார். பிள்ளைகள் வந்த இடத்தில் இருமவில்லை. முடிச்சுப் போட்ட இடத்தில், "மறந்துபோகும்னு நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும், அது எனக்காகத்தான்னு" என்றார். படித்து முடித்ததும், "வியாழக்கிழமை கண் டாக்டர்கிட்ட போறோம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

உனக்குக் கோட் தைக்கத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், அளவை டேப் வைத்து அளந்து அனுப்பு, உத்தேசமாகச் சொல்லாதே. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, உடம்பு நோகாமல், நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருக்க, நீ நன்றாக இருக்க வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் மறக்காமல் போன் செய், ஸ்பீக்கரில் போட்டே பேசுகிறோம்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
உன் அம்மா

நான் எழுதிய "அம்மா" மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும் கிறுக்கல் உன் அப்பாவின் கையெழுத்து. தானும் போடுவேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார், பக்கம் முழுக்கக் காலி இடம் கிடந்தது. சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று கேட்டார். சரியான இடத்தில்தான் என்று சொன்னேன்.