கமிஷனர் வீட்டுக்கு வந்த நாள்

தை 18, வெள்ளி

இன்று என் வாயாலேயே அப்பாவின் கேஸ் கெட்டது.

காப்பிப் பழத்துக்குத் தோல் உரிக்க அப்பா செய்த மிஷினை ஒரு கம்பெனி அப்படியே செய்து விற்கிறது. பேட்டன்ட் வாங்கியிருந்ததால் அப்பா சேலம் கோர்ட்டுக்குப் போனார். பேட்டன்டே செல்லாது என்று அவர்கள் எதிர்வழக்குப் போட்டதும், கேஸ் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு மாறிவிட்டது. சாட்சிகள் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று, வாக்குமூலம் எழுத கோர்ட்டே ஒரு வக்கீலைக் கமிஷனராக்கி எங்கள் ஊர் தலைச்சோலைக்கே அனுப்பியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. கூண்டில் ஏற்றினால் எனக்குப் பேச்சே வராது.

எங்கள் பாயில் உட்கார்ந்து, கம்பெனி வக்கீல் சிரித்தபடி கேட்டார்.

“மிஷினை மொதல்ல சுத்துனது நீதானா கண்ணு?”

“ஆமாங்க.”

“உங்க ஊட்டுப் பழம் மட்டுந்தானா?”

“இல்லீங்க. ஊரே கூடையோட வந்துச்சுங்க. எல்லாத்துக்கும் நாந்தான் சுத்திக் குடுத்தேன்.”

“பேட்டன்டுக்கு எழுதிப் போடறதுக்கு முன்னாடியா?”

“ரெண்டு வருசம் முன்னாடியே இருந்துங்க.” பெருமையாகத்தான் சொன்னேன்.

கமிஷனர் அதை எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

பஸ் ஏறும்போது எங்கள் வக்கீல் விளக்கினார். மனுப் போடும் முன்பே ஊரறியப் புழங்கிய மிஷினுக்குப் பேட்டன்ட் நிற்காதாம். அப்பா என்னைத் திட்டவில்லை.

“நெசத்தத்தான சொன்னே சாமி,” என்றார்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. “எம்புள்ள இன்னிக்கு நொம்ப நல்லாப் பேசுனாளுங்க,” என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் அவளிடம் சொல்ல வேண்டும்.