கஞ்சிக் குழியில் எரிந்த தீ

அண்ணி,

இன்று காலை, வடித்த கஞ்சி ஒரு சட்டியில் மூடாமல் கிடந்து புளித்திருந்தது. கொட்டப் போனவள் அந்த வாடையில் சற்று நின்றுவிட்டேன். சுரங்கக் குடியிருப்பில் கொள்ளைநோய் லைன் லைனாக வந்த மழைக்காலத்தில் நீங்களும் போனீர்கள். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. நம் கஞ்சிக் குழியைப் பற்றித்தான் எழுத வருகிறது.

தங்கச் சுரங்கத்துச் சாம்பியன் ரீப்ஸில் நம் சோற்றுக்கடையின் கழுநீர், கஞ்சி, எச்சில் தண்ணீர் எல்லாம் தெருவில்தான் ஓடியது. நாற்றம் நிற்காவிட்டால் கொட்டகையைப் பிரித்துவிடுவோம் என்று சுகாதார மேஸ்திரி சொல்லிப் போனார். சுரங்கத்தில் அண்ணனுக்குக் கால் போனபின் அந்தக் கொட்டகைதான் நமக்குச் சோறு போட்டது.

நீங்கள் பின்னால் குழி வெட்டவைத்து, தண்ணீரை அதற்குள் திருப்பினீர்கள். நாற்றம் அடங்கட்டும் என்று சாணியும் கரைத்து ஊற்றினீர்கள். மேலே கல் பலகை வைத்துக் களிமண்ணால் சந்து விடாமல் பூசினோம். கொஞ்ச நாளில் பூச்சு வெடித்தது. உள்ளே கொப்பளிக்கும் சத்தம்.

"இன்னாவோ மூச்சு வுடுதுடி. ஒரு மூக்கு வெச்சிடலாம்" என்று, சுரங்கத்தில் கழித்துப்போட்ட இரும்புக் குழாய் ஒன்றைச் செருகினீர்கள்.

வெள்ளிக்கிழமை அடுப்புக்கும் வாசலுக்கும் சூடம் காட்டுவது வழக்கம். புதிதாகக் கட்டியதாயிற்றே என்று குழிக்கும் காட்டினீர்கள். குழாயின் வாயில் பக்கென்று நீலமாகத் தீ நின்றது. சூடம் அணைந்தது, அது அணையவில்லை. சாப்பிட வந்தவர்கள் எட்டிப் பார்த்து, "கொள்ளிவாய்ப் பிசாசுடா!" என்று இலையை விட்டு எழுந்து ஓடினார்கள்.

சேற்றில் ஊறும் காற்று அப்படித்தான் எரியும் என்று பேத்தமங்களா ஏரியில் தூர் வாரிய ஒருவர் வெகுநாள் கழித்துச் சொன்னார். அன்று நமக்கு யார் சொல்வார்கள்? மறுநாளிலிருந்து வடித்த சோறு அப்படியே கிடந்தது. சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கும் பெரியவர் மட்டும் தெருவில் நின்றபடி கேட்டார்.

"இன்னாம்மா, பிசாசுக்குத் தெனம் கஞ்சி ஊத்தறியாமே?"

"ஆமா மாமா. உங்களாட்டம் உப்பு இல்ல, உறைப்பு இல்லன்னு சொல்லாம குடிக்குது."

ஒரு சாயங்காலம், ஷிப்டு முடிந்து ஆட்கள் வரும் நேரம் பார்த்து, குழாயைச் சுற்றி மூன்று கல் வைத்து அந்தத் தீயிலேயே சுக்குத் தண்ணீர் கொதிக்கவைத்தீர்கள். "பிசாசு இருந்தா மொதல்ல என்னைப் புடிக்கட்டும்" என்று எல்லோர் முன்னாலும் குடித்தீர்கள். ஒருவரும் அசையவில்லை.

நான் வாய் திறந்து பாடம் ஒப்பிக்க முடியாமல் மூன்றாம் வகுப்போடு மிஷன் பள்ளியை விட்டவள். கடையிலும் கதவுக்குப் பின்னால்தான் நிற்பேன். அன்று ஏன் வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. வந்து கையை நீட்டினேன். நீங்கள் கொடுத்த லோட்டாவை வாங்கிக் குடித்தேன்.

"ஏய், ஊமைப் பொண்ணே குடிச்சிடுச்சுடா!" என்று யாரோ சிரித்தார்கள். பெரியவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். "எனக்கும் ஊத்து. சோறும் போடு, பசிக்குது." அன்று இலை போதவில்லை.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. லோட்டாவைக் கொடுக்கும்போது உங்கள் கை நடுங்கியது. சுக்குத் தண்ணீர் சொட்டி, சூடேறிய கல்லில் சுர்ரென்றது. பிசாசுதான் என்று நீங்களும் நம்பினீர்கள், அண்ணி. நம்பிக்கொண்டே குடித்தீர்கள்.

கடையை இப்போது நான் பார்க்கிறேன். புது ஆட்களிடம் பேச வாய் எடுக்கும்போதெல்லாம் கை நடுங்குகிறது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு, "வாங்க, உக்காருங்க" என்கிறேன்.