நீ விட்டுப்போன நாலாவது ஓரம்

ஏட்டி லீலா, சண்டை போட ஆளில்லாமல் அண்ணனைத் தவிக்கவிட்டுப் போன என் தங்கச்சியே,

குழித்துறை ஆற்று வெள்ளத்தை ஒற்றைக் கையால் தடுத்து நிறுத்திய உன் அண்ணன்தான் எழுதுகிறேன். "ஆத்துல கால் நனைக்கவே பயப்படுவான்" என்று மறுத்துச் சொல்ல நீ இல்லை. அதனால் என் பொய்களெல்லாம் இப்போது பாதியிலேயே நின்றுவிடுகின்றன.

உன் மகள் சுஜாவுக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. மூக்கு உன்னுடையது. அழுதால் பேச்சிப்பாறை அணை மதகைத் திறந்தது மாதிரி.

அந்தப் பிள்ளைக்காக நீ தைத்த துண்டுத்துணிப் போர்வை அப்படியே கிடக்கிறது. மூன்று ஓரத்துக்குப் பட்டி வைத்துத் தைத்துவிட்டு, நாலாவதில் பாதியில் ஊசியைக் குத்திவைத்தாய். "பிள்ள பொறக்கும் முன்ன அதுக்க துணிய முடிச்சு வைக்கப்பிடாது அண்ணா" என்றாய். பிள்ளை வந்துவிட்டது. நீ எங்கே?

அடுத்த வாரம் சுஜா குழந்தையோடு மஸ்கட் போகிறாள். ஓரம் மூடாத போர்வை ஒரு சலவை தாங்காது, பஞ்சு வெளியே வந்துவிடும். ஆனால் அவளுக்குக் கை வரவில்லை. "அம்ம குத்துன ஊசி மாமா. எடுத்தா எல்லாம் முடிஞ்சிரும்."

தாய்மாமன் அல்லவா, நானே உருவித் தைத்தேன். கீரிப்பாறை மலைக்குப் பஸ் ஏறும் பாதைகூட என் தையல் அளவுக்கு வளையாது. டீக்கடைக்குப் போய்வந்து பார்த்தால் எல்லாம் பிரிந்து கிடந்தது. ஊசி நீ குத்திய அதே இடத்தில்.

மறுநாளும் அப்படியே. அடுத்தவர் தையல் கோணினால் பிரித்துப் போடுகிறவள் நீ அல்லவா? உன் காலி நாற்காலியைப் பார்த்து, "லீலா, நீயா?" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஃபேன் ஓடவில்லை. ஊசியில் தொங்கிய நூல் அசைந்தது.

அதற்கடுத்த நாள் தைத்துவிட்டுப் போய், டீயைக் குடிக்காமலே திரும்பினேன். உன் நாற்காலியில் சுஜா, கையில் பிளேடு.

"ஏட்டி நீதானா? எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு!"

"இந்தத் தையல அம்ம விட்டுவச்சிருப்பாளா மாமா?" என்று சிரித்தவள், அப்படியே போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிளேடை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

பிறகு அவளே ஊசியை உருவி என் கையில் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியையும் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். அப்போதுதான் பார்த்தேன். உன் கடைசித் தையலில் சிக்கி ஒரு நரைமுடி, நீளமாக.

"இழுத்திரட்டா மக்கா?"

"வேண்டாம் மாமா. உள்ள வச்சுத் தையுங்க."

தைத்துவிட்டேன். மஸ்கட்டுக்கு விசா இல்லாமல் போகிற முதல் ஆள் நீதான். பேத்தியை நன்றாகப் பார்த்துக்கொள். அந்தக் கடைசிச் சாண் கோணல்தான், பிரித்துவிடாதே.

நூல் அசைந்ததைச் சுஜாவிடம் நான் சொல்லவில்லை. உன்னிடமும் விளக்கம் கேட்கமாட்டேன். உன் நாற்காலியில் யாரையும் உட்காரவிடமாட்டேன், இது வாக்கு. வந்து உட்கார்ந்து, கோணல் என்று திட்டு. முதல் தடவையாக, எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

உன் கூடப்பிறந்த பொய்யன்,
ராஜமணி அண்ணன்