பாட்டிக்குக் கொண்டுவந்த நன்மை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் காவலில் நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். அவளுக்கு முட்டி வீக்கம் வற்றிவிட்டது. எனக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, அதற்குக் காரணம் நீ. உங்கள் நலம் விசாரிக்கும் வரியை முதலில் போடுவதுதான் முறை, இந்தத் தடவை அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன், மனம் ஒப்பவில்லை. எல்லாவற்றையும் எண் போட்டு வரிசையாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், வரைபட அலுவலகத்தில் காலமெல்லாம் அப்படி எழுதிய கைதானே. ஒன்று என்று போட்டதுமே எல்லாம் அதற்குள்ளேயே வந்து விழுந்துவிட்டது. ஆகையால் வந்தபடி எழுதுகிறேன்.

நேற்றுப் போனில், உன் மகள் வாண்டு இனிமேல் கோயிலுக்கு வரமாட்டேன் என்று அடம் பிடிப்பதாகச் சொன்னாய். சொல்லிவிட்டு, "எல்லாம் டிராமாப்பா, கண்டுக்காதீங்க" என்றும் சொன்னாய். நானும் வழக்கம்போல சரிப்பா என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான், பேச வேண்டியது எதிரே ஆள் போன பிறகுதான் வாயில் வரும். ஆனால் இது டிராமா இல்லை, அது எங்கே தொடங்கியது என்று உனக்குத் தெரியும்.

நாம் கடற்கரை விடுதியில் தங்கியிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். மேட்டில் இருக்கிற கோயிலுக்கு அத்தனை படி ஏற முடியாது என்று அம்மா கீழேயே கல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கும் சேத்து வேண்டிக்கங்க" என்று குழந்தையிடம் சொன்னாள். பூசையில் ஆண்டவரே அப்பமாக வருகிற நன்மையை வாங்க எல்லோரும் வரிசையில் நின்றபோது நீ வாண்டுவையும் முன்னால் தள்ளினாய். வகுப்பில் படித்து முதல் தடவை வாங்கும் புதுநன்மையே இவளுக்கு இன்னும் ஆகவில்லையே என்று நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "இதையெல்லாம் யாருப்பா கணக்கு பாக்குறா, கைய நீட்டுடி" என்றாய். ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்காமல், ஒரு ஜெபம் பழக்காமல், ஏதோ கடையில் மிட்டாய் வாங்கிக் கொடுப்பதுபோல. பீடத்தில் மணி அடித்து வளர்ந்தவன் நீ. அந்த வயதில் பலிபீடத் துணியில் ஒரு அப்பத் துணுக்கு விழுந்தாலும் சாமியாரைக் கூப்பிட ஓடுவாய். உனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

குழந்தை அதை வாயில் போடவில்லை, கவுன் பையில் போட்டுக்கொண்டாள். அது முறை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதற்காகப் போட்டாள் என்று நீ கேட்டாயா. படியிறங்கி ஓடிப்போய், மணல் ஒட்டியிருந்ததை ஊதித் துடைத்து, "பாட்டி, நீ மேல வரலல்ல, உனக்குக் கொண்டாந்தேன்" என்று நீட்டினாள். நீ அதைப் பிடுங்கினாய். "சீ, அழுக்கு, பிஸ்கட்டுக்காடி இவ்ளோ சீன்" என்று சிரித்தபடியே பெஞ்சுக்குப் பக்கத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாய். மருமகளுக்கே முகம் வெளுத்துவிட்டது. நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றேன். அறைக்குத் திரும்பும்போது வாண்டு என் விரலைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, சாமி குப்பையிலயேவா இருக்கும்" என்று கேட்டாள். நீ முன்னால் போனில் பேசிக்கொண்டு போனாய்.

அன்று குடையை மறந்துவிட்டேன் என்று சொல்லி நான் திரும்பிப் போனேன் அல்லவா. குடை என் கையிலேயே இருந்தது, உங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. தொட்டிக்குள் தோள் வரைக்கும் கையை விட்டேன். கடற்கரை கூட்டுகிற அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "என்ன பெரியவரே, மோதிரம் போயிடுச்சா, வீட்டுல சோறு கிடைக்காதே" என்றாள். ஆமாம்மா, மோதிரம்தான் என்றேன். ஐஸ்கிரீம் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு கிடைத்தது, ஓரம் மட்டும் நைந்திருந்தது. கைக்குட்டையில் பொதிந்து மறுபடி அத்தனை படியும் ஏறினேன். சாமியார் என்னைத் திட்டுவார் என்று பயந்தேன், அவர் திட்டவில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதில் இட்டார். "இது கரைஞ்சிடும் ஐயா, உங்க மூஞ்சியில இருக்கிறதுதான் கரையாது போலிருக்கு" என்றார். கரைந்த பிறகு அவரும் நானுமாகக் கோயில் சுவரோரம் பூச்செடி அடியில் ஊற்றினோம். அன்றே இதைச் சொல்லியிருக்கலாம். மறுபடி நீ சிரிப்பாயோ என்றுதான் சொல்லவில்லை.

இப்போது அவள் சாமிக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் அம்மாவிடம் போனில் ரகசியமாகக் கேட்டாளாம், "அந்தத் தொட்டிய யாராச்சும் கொட்டிட்டாங்களா பாட்டி" என்று. குற்றம் செய்தவன் நீ, பயந்து கிடப்பது அவள். உனக்கு நம்பிக்கை விட்டுப்போயிருந்தால் அது உனக்கும் ஆண்டவருக்கும் உள்ள விவகாரம், நான் குறுக்கே வரமாட்டேன். அவளுக்கு இருப்பதைப் பிடுங்கிப் போட உனக்கு யார் உரிமை கொடுத்தது.

ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல். தாத்தா போய் எடுத்துவிட்டார், சாமி குப்பையில் இல்லை, செடிக்கடியில் பத்திரமாக இருக்கிறார் என்று சொல். கோபம் அவள்மேல் இல்லை, அப்பாமேல்தான், அதுவும் தாத்தாவுக்கு மட்டும்தான் என்றும் சொல். சிரிக்காமல் சொல்ல வேண்டும். சிரிப்பு வருமென்றால் விட்டுவிடு, நானே வந்து சொல்லிக்கொள்கிறேன். விமானம் ஏற எனக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் ஏறுவேன்.

நீங்கள் மூவரும் நலமா. மருமகளுக்கு இருமல் தேவலையா. ஆண்டவர் உங்கள் வீட்டை ஆசீர்வதிப்பாராக, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவளைப் புதுநன்மை வகுப்பில் சேர்க்க மறக்காதே.

இன்னொன்று. அன்றைக்கு நீ பிடுங்கும்போது தொட்டியைத்தான் பார்த்தாய், அம்மாவைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். குழந்தை நீட்டியதை வாங்கிக்கொள்ள அவள் வாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

இப்படிக்கு,
உன் அப்பா