மர ஜாபிதாவில் இல்லாத கூடுகள்

அண்ணே,

இன்று காலை காளவாசலில் பஸ் நின்றுவிட்டது. யுத்தம் முடிந்தும் எங்கள் பாதைக்குப் பெட்ரோல் வண்டி வந்தபாடில்லை. இன்னும் அந்தக் கரியில் ஓடும் வண்டிதான். பின்னால் பீப்பாய் மாதிரி அடுப்பு. கண்டக்டர் இறங்கி அதில் கரியைக் கொட்டிக் காற்றாடியைச் சுற்றினார். புகை உள்ளே வந்தது. கருவேலங்கரியின் வாசம். பக்கத்தில் இருந்தவர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. இறங்கி, தாலுகா கச்சேரிக்கு நடந்தே போனேன். நேரமாகிவிட்டதென்று தலைமைக் குமாஸ்தா முறைத்தார். முறைக்கட்டும்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்களுக்கு எழுத்து தெரியாது. உயிரோடு இருந்தாலும் இதை யாராவது வாசித்துத்தான் காட்ட வேண்டும். எனக்கோ எழுதத்தான் தெரியும். பேசத் தெரிந்திருந்தால் ஏன் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாகக் கிடக்கிறேன்?

உங்களை முதலில் பார்த்தது நாகமலைக்கு மேற்கே, உங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில். மடை திறப்பதும் அடைப்பதும் உங்கள் பொறுப்பு. நான் சைக்கிளில் வந்து மடைச்சுவரில் சர்க்கார் நோட்டீஸ் ஒட்டினேன். கொக்கு, வக்கா, மயில், கவுதாரி என்று ஒரு பட்டியல். இன்ன மாதம் முதல் இன்ன மாதம்வரை இவற்றைக் கொல்லக்கூடாது, பிடிக்கக்கூடாது, விற்கக்கூடாது, மீறினால் தண்டனை. வாசிக்கச் சொன்னீர்கள். மிஷன் பள்ளியில் படித்த திமிரோடு நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். கேட்டுவிட்டு, தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களைக் காட்டினீர்கள். கிளைக்குக் கிளை கூடு.

"இம்புட்டு நாளா இதுகளை எங்க ஊர்ல யாரு தொட்டா? ஆனாலும் நல்லதுதான் தம்பி. துப்பாக்கியத் தூக்கிட்டு வர்ற தொரைமாருக்குக் காட்டலாம்ல" என்றீர்கள்.

ஒரு நோட்டீஸைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டீர்கள். அந்தப் பறவைகளின் எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு உரமே வேண்டாம் என்றும் அன்றுதான் சொன்னீர்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை முடிந்ததும் நான் அங்கே சைக்கிளை மிதிப்பது வழக்கமாகிவிட்டது. என் மனைவி கேலி செய்வாள், எனக்கு இரண்டாவது மாமியார் வீடு அந்தக் கண்மாய்தான் என்று.

பிறகு யுத்தம். பெட்ரோல் பட்டாளத்துக்குப் போயிற்று, பஸ்ஸுக்குக் கரி வந்தது. கரிக்கு மரம் வேண்டுமே. கார்த்திகை கடைசியில் செல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். எதிர்வீட்டுத் தறிச் சத்தத்தில் நீங்கள் சொன்னது இரண்டு தரம் சொல்லித்தான் கேட்டது. யாரோ கரிக் குத்தகைக்காரர் வந்து கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாராம்.

"நோட்டீஸு இருக்குல்ல தம்பி. அதைச் சொல்லி ஒரு மனுப் போடுங்க."

சும்மா மனுப் போட்டால் குப்பைக்குப் போகும், விவரம் வேண்டும் என்றேன். அந்த வாரமே கிளம்பி வந்தேன். நான் கரையில் காகிதத்தோடு உட்கார்ந்தேன். நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முள் கிழிக்க மரம் மரமாகப் போய்க் கூடுகளை எண்ணிச் சொன்னீர்கள். கச்சேரியில் மரம் என்று எழுதினால் பக்கத்தில் சுற்றளவு எழுதாமல் என் கை நகராது. வைக்கோல் புரியைச் சுற்றி அதையும் அளக்கச் சொன்னேன்.

"சுத்தளவு எதுக்கு தம்பி? கொக்கு கேட்டுச்சா?"

"இருக்கட்டும்ணே. மனுவுக்கு ஒரு கனம் வேணும்ல."

சிரித்துக்கொண்டே அளந்தீர்கள். இருட்டும் முன் முடித்துவிட்டோம். அவ்வளவு அழகான மனுவை நான் அதற்கு முன்னும் எழுதவில்லை, பின்னும் எழுதவில்லை. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மேலிருந்து பதில் வந்தது. மேற்படி சட்டம் பறவைகளைக் கொல்வதையும் பிடிப்பதையும் விற்பதையும் பற்றியது, மரங்களுக்குப் பொருந்தாது, மரங்கள் சர்க்கார் சொத்து. கூடவே ஏல நோட்டீஸ். அதோடு ஒரு மர ஜாபிதா, ஏலம் விடும் மரங்களின் பட்டியல், டைப் அடித்தது. முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. நம் பட்டியல், அண்ணே. நீங்கள் நடந்த வரிசை மாறாமல், நீங்கள் அளந்த சுற்றளவோடு அப்படியே இருந்தது. கூடுகளின் எண்ணிக்கை எழுதிய பத்தியை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆள் அனுப்பி அளக்கும் வேலையை நாம் மிச்சப்படுத்திவிட்டோம். அதையும் உங்கள் மடைச்சுவரில் ஒட்டச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள்.

தை மாதம் வெட்டினார்கள். குஞ்சுகளுக்கு இறகு பாதிகூட முளைக்கவில்லை. நீங்கள் பழைய நோட்டீஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றீர்கள். கோடாரியோடு நின்றவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "பெரியவரே, நாங்க பறவையைத் தொடலையே. மரத்தைத்தான வெட்டுறோம்." சட்டப்படி அவர் சொன்னது சரி. நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை யோசிக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை.

விழுந்த குஞ்சுகளில் உயிரோடு இருந்ததைக் கூடையில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். அயிரை மீனை நசுக்கி ஊட்டிக்கொண்டே கேட்டீர்கள்.

"தம்பி, இதுகளை நான் வீட்டுல வச்சிருந்தா அந்தச் சட்டத்துல குத்தமா?"

தடைக்காலத்தில் பிடித்து வைப்பது குற்றம்தான் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கண்மாய் முழுவதிலும் அந்தச் சட்டத்தில் பிடிபடக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான், அது நீங்கள். நீங்கள் அடுத்த மீனை எடுத்தீர்கள். நாலு நாளில் எல்லாம் செத்துப்போயின. என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ தேவலை. அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தையும் என்னிடம் வாசிக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த தையில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. சொல்லி விட்டிருந்தார்கள், வந்தேன். உங்கள் ஊரில் பறவை அடைந்திருக்கும் மாதங்களில் சாவு மேளம் கரையேறாதாம். பாடை கரை நெடுகச் சத்தமில்லாமல் போய், சுடுகாட்டுப் பாதையில் திரும்பிய பிறகுதான் அடி விழுமாம். கூட நடந்த உங்கள் மச்சினர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கும் கரை வந்ததும் மேளக்காரர்கள் பழக்கத்தில் கையை நிறுத்திவிட்டார்கள். பிறகு கண்மாயைப் பார்த்தார்கள். அங்கே தண்ணீர் மட்டும் கிடந்தது. ஒருவர் மெதுவாக அடிக்கத் தொடங்கினார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேண்டாம், நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய்வரைக்கும் வந்தது. யாருக்காக நிறுத்தச் சொல்வேன், அண்ணே? கரை முடியும்வரை அடித்துக்கொண்டே போனார்கள். நானும் பின்னால் நடந்தேன்.