தெளிந்த தண்ணீர்ப் பக்கம்

ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை இரவு.

காலையில், ஞாயிறுதோறும் என்னோடு ஏரியில் தூண்டில் போட வரும் செல்வம் போன் செய்தான். "ஏரி முழுக்கக் கலங்கிப் போய்க்கீது மச்சான். இன்னிக்கு வராத, வேஸ்ட்டு." நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

மதியம் மாமியாரைத் திருநின்றவூர் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு, சும்மா ஏரிக்கரைப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். கால்வாயின் செம்மண் தண்ணீரும் ஏரியின் தெளிந்த தண்ணீரும் கோடு போட்டாற்போல் சேரும் இடத்தில், நான் உட்காரும் கல்லில் செல்வத்தின் மைத்துனன் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் செல்வம். "கலங்கல்ல போடாத மாப்ள. கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி, தெளிஞ்ச தண்ணில போடு. மீனு தானா வெளிய வரும்."

அத்தனையும் நான் சொல்லிக்கொடுத்தது. மூன்று மழைக்காலம் உட்கார்ந்து கண்டுபிடித்ததை, பத்து வருடம் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவன் என்று அவன் ஒருவனிடம்தான் சொன்னேன். கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் செல்வம் நாலு ஜிலேபி மீனோடு வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் நீட்டினான். "மார்க்கெட்ல வாங்கினு வந்தேன் தங்கச்சி." நாலு மீனுக்கும் உதட்டில் தூண்டில் முள் கிழித்த காயம். வலையில் பிடித்த மீனுக்கு உதடு கிழியாது. "டீ குடிச்சிட்டுப் போடா" என்றேன்.

குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.